பிரிட்ஜுக்குள் ஒரு வில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்ஜ் கம்ப்ரஸரைக் கிளப்பிவிட உதவும் பிடிசி வில்லையை (சூடானால் மின்தடை ஏறிவிடும் பீங்கான் துண்டு) பற்றி எழுதியிருந்தீர்கள். ‘120 டிகிரியில் படிக அமைப்பு மாறுகிறது, மின்சாரம் நின்றுவிடுகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் மகள் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். சூடானால் செம்புக்கும்தான் மின்தடை கூடுகிறது, இதில் என்ன புதுமை என்கிறாள். படிகம் மாறும்போது அளவில் நூற்றுக்கு ஒரு பங்குதான் வித்தியாசமாம். அதற்குப் போய் மின்தடை ஆயிரம் மடங்கு ஏறுமா என்றும் கேட்கிறாள். எனக்கும் ஒரு சந்தேகம்: கரண்ட் போய் உடனே வந்தால் பிரிட்ஜைப் போடாதீர்கள் என்று மெக்கானிக் சொல்கிறாரே, அதற்கும் இந்த வில்லைக்கும் தொடர்பு உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். அந்த வரி அவசரத்தில் எழுதியது. பாதிதான் உண்மை.

செம்பை முதலில் முடித்துவிடுவோம். 100 டிகிரி சூடேற்றினால் அதன் மின்தடை சுமார் 40 சதவீதம் கூடும், அவ்வளவுதான். வில்லையிலோ சில பத்து டிகிரிக்குள் ஆயிரம் மடங்கு. நல்ல சரக்கானால் லட்சம் மடங்குகூட ஏறும்.

வில்லை பேரியம் டைட்டனேட்டால் ஆனது. சுத்தமாக இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆயிரம் பேரியம் அணுக்களில் இரண்டு மூன்றை எடுத்துவிட்டு லாந்தனத்தை வைத்தால், ஒவ்வொரு லாந்தனத்துக்கும் ஓர் எலக்ட்ரான் மிஞ்சும். வெளிறிய பீங்கான் நீலம் பாய்ந்து குறைகடத்தியாகிவிடும். லாந்தனம் கொஞ்சம் கூடி நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டினால், பழையபடி கடத்தாப் பொருளாகிவிடும் என்பதுதான் வேடிக்கை. ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற கணக்கு.

இனி படிகம். 120 டிகிரிக்கு மேல் அதன் கூடு, அதாவது அணுக்கள் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் கட்டம், சரியான கனசதுரம், டைட்டேனியம் நட்டநடுவில். அதற்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் நூற்றுக்கு ஒரு பங்கு நீளும், டைட்டேனியம் லேசாக ஒதுங்கும், கூட்டின் ஒரு முனை நேர்மின்னாகவும் மறுமுனை எதிர்மின்னாகவும் ஆகும். மகள் சொல்லும் அந்த ஒரு சதவீதம் இதுதான். ஆனால் இதனால் எலக்ட்ரானின் வழி அடைபடுவதில்லை. இதே பொருளை ஒற்றைப் படிகமாக வளர்த்துச் சூடேற்றிப் பார்த்தால் அந்தப் பெரிய ஏற்றம் வருவதே இல்லை! நான் எழுதிய வரி அங்கேயே விழுந்துவிடுகிறது.

வில்லை, பொடியை அழுத்திச் சூளையில் சுட்டது. பொரி உருண்டை மாதிரி, நுண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சூளை ஆறும்போது காற்றின் ஆக்சிஜன் மணிகளின் எல்லைகளில் புகுந்து எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே ஒரு எதிர்மின் வேலி எழும்பிவிடும். அடுத்து வரும் எலக்ட்ரான் அதைத் தாண்டியாக வேண்டும். வேலியின் உயரம் பொருளின் மின்காப்பு மாறிலிக்கு (மின்னூட்டங்களின் விசையைப் பொருள் எத்தனை மடங்கு தணிக்கிறது என்று சொல்லும் எண்) எதிர் விகிதத்தில் இருக்கும் என்றார் ஜெர்மன் இயற்பியலாளர் ஹேவாங், 1961-ல். 120-ஐ ஒட்டி மாறிலி பல ஆயிரம், ஆகவே வேலி குட்டை. அதைத் தாண்டிய பின் மாறிலி சரியச் சரிய வேலி உயரும். சரி, 120-க்குக் கீழும் மாறிலி குறைகிறதே, அங்கே ஏன் வேலி உயரவில்லை? 1964-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தின் யோங்கர் இதற்குப் பதில் தந்தார். ஒதுங்கிய டைட்டேனியத்தால் உண்டான நேர்முனைகள் எல்லையின் எதிர்மின்னை ஈடுகட்டி, வேலியில் பல இடங்களில் ஓட்டை போட்டுவிடுகின்றன. படிகம் கனசதுரமானதும் ஓட்டைகள் மூடிக்கொள்ளும்.

ஆயிரம் மடங்குக்குக் காரணம், வேலியின் உயரம் சமன்பாட்டில் அடுக்குக்குறியாக வருவது. அந்தச் சூட்டில் வேலி 0.08 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) உயர்ந்தாலே தாண்டுகிறவை பத்தில் ஒன்றாகும். 0.24 உயர்ந்தால் ஆயிரத்தில் ஒன்று.

படிக மாற்றமே நேராக மின்கடத்தலைத் தொடும் ஆக்சைடும் உண்டு. வனேடியம் டை ஆக்சைடில் இணை இணையாக நெருங்கியிருக்கும் வனேடியம் அணுக்கள் 68 டிகிரியில் விலகிச் சம இடைவெளிக்கு வரும், பொருள் உலோகம் போல் கடத்தத் தொடங்கும். டங்ஸ்டன் கலந்தால் அந்த 68 கீழே இறங்கும். என் வரி அங்கேயானால் ஓரளவு நின்றிருக்கும்.

உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. கம்ப்ரஸர் கிளம்பும்போது ஸ்டார்ட்டிங் காயிலுக்கு வில்லை வழியாகத்தான் கரண்ட் போகிறது. என் மேஜையில் இருக்கும் வில்லை ஆறிய நிலையில் 22 ஓம் காட்டுகிறது. போகிற கரண்டே வில்லையைச் சுட்டுத் தன் வழியை அடைத்துக்கொள்ளும். பிறகு பிரிட்ஜ் ஓடும் நேரமெல்லாம் ஒரு சின்னக் கசிவு அதைச் சூடாகவே வைத்திருக்கும். கரண்ட் போய் உடனே வந்தால் வில்லை ஆறியிருக்காது, காயிலுக்கு ஒன்றும் போகாது. கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று முனகும், டக்கென்று ஓவர்லோடு சுவிட்ச் விழுந்து கரண்டைத் துண்டிக்கும். ஸ்டெபிலைசர் சில நிமிடம் தாமதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை மெக்கானிக் இந்த வில்லை இருக்கும் ரிலே பெட்டியைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குவார், கவனியுங்கள். கலகலவென்றால் வில்லை உடைந்திருக்கிறது. கேட்டு வாங்கி மகளிடம் கொடுங்கள், உடைந்த விளிம்பில் அந்த நீலச் சாம்பல் நிறம் தெரிகிறதா என்று பார்க்கட்டும்.