கண்ட நகர்வு: எந்தச் சான்று எதை நிரூபிக்கிறது?

கண்டங்கள் முன்பு ஒட்டியிருந்து பிரிந்தவை என்று பள்ளி அறிவியல் கண்காட்சியில் காட்ட, அட்லஸிலிருந்து தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் வெட்டி ஒட்டிப் பார்த்தோம். சில இடங்களில் இடைவெளி விழுகிறது, சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. ஏன்?

அட்லஸைக் கைவிடுங்கள். தட்டையான வரைபடத்தில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக உருவம் சிதையும். உலக உருண்டைமேல் டிரேசிங் பேப்பரை வைத்து வரைந்து, வெட்டிய தாளை உருண்டையின் மேலேயே நகர்த்திப் பாருங்கள்.

அடுத்து, கடற்கரை என்பது கண்டத்தின் விளிம்பு அல்ல. கடல் மட்டம் மாறினால் கரையும் மாறிவிடும். கண்டம் உண்மையில் முடிவது, ஆழம் குறைந்த கண்டத்திட்டைத் தாண்டி வரும் சரிவில்தான். 1965-இல் எட்வர்ட் புல்லார்ட் குழுவினர் கணினியில் பொருத்தியபோது சுமார் 900 மீட்டர் ஆழக்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் உருண்டையில் வெளிர் நீலம் அடர் நீலமாக மாறும் எல்லையை எடுத்தால் போதும்.

அப்போதும் நைஜர் ஆற்றின் கழிமுகம் பிரேசில் மேல் ஏறும். அது கண்டங்கள் பிரிந்த பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதைக் கத்தரித்துவிட்டு, காரணத்தைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நடுவர் அதைத்தான் கேட்பார்.

ஒன்று சொல்ல வேண்டும்: வெறும் வடிவப் பொருத்தம்தான் சான்றுகளிலேயே பலவீனமானது. பாறையும் பொருந்த வேண்டும். கானாவில் சுமார் 200 கோடி ஆண்டுப் பாறைக்கும் அதைவிட இளைய பாறைக்கும் நடுவே ஓர் எல்லை ஓடுகிறது. அதே எல்லை பிரேசிலின் சாவோ லூயிஸ் அருகே மறுபடி தலைகாட்டுகிறது.

இரு கண்டங்களிலும் புதைபடிவமாகக் கிடைக்கும் மெசோசாரஸ் என்ற ஊர்வன நீரில் வாழ்ந்ததுதானே? அட்லாண்டிக்கை நீந்திக் கடந்திருக்கலாமே?

சுமார் ஒரு மீட்டர் நீள உயிரி அது. பிரேசில், உருகுவே பக்கமும் தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கமும் மட்டும் கிடைக்கிறது. பெருங்கடலைக் கடக்கத் தெம்பு இருந்திருந்தால் வேறு கரைகளிலும் கிடைத்திருக்க வேண்டும். இருந்தாலும் நான் லிஸ்ட்ரோசாரஸைத்தான் முன்னே நிறுத்துவேன். தரையில் நடந்த அந்த விலங்கின் எலும்புகள் தென்னாப்பிரிக்காவிலும், நம் மேற்கு வங்க ராணிகஞ்ச் பகுதியிலும், அண்டார்டிகாவிலும் இருக்கின்றன. 'நடுவில் நிலப்பாலம் இருந்து மூழ்கியது' என்ற பழைய சமாதானம் எடுபடாது. கண்டப் பாறையின் அடர்த்தி சுமார் 2.7, கீழே உள்ள மேன்டில் என்ற பாறை அடுக்கினுடையது சுமார் 3.3. லேசானது கனமானதற்குள் மூழ்காது.

ஒடிசாவில் பனியாறு ஓடியது என்கிறார்கள். உலகம் முழுவதும் குளிர்ந்திருந்தால் அது நடந்திருக்குமே, கண்டம் ஏன் நகர வேண்டும்?

தால்ச்சேர் நிலக்கரிப் படுகைக்கு அடியில் நுண்ணிய துகள்களாலான சேற்றுப்பாறைக்குள் பெரிய பெரிய கற்கள் புதைந்து கிடக்கின்றன. ஆறு கொண்டுவந்திருந்தால் கற்களை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கும். பனிக்கட்டி அப்படிப் பிரிக்காது. ஆனால் சேற்றுச்சரிவும் பிரிக்காது என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. கல்லின் ஒரு முகம் தட்டையாகத் தேய்ந்து அதில் கீறல்கள் இருக்க வேண்டும். அடித்தரைப் பாறையிலும் இணையான கோடுகள் வேண்டும். மகாராஷ்டிரத்தில் சந்திரப்பூர் வட்டாரத்தில் அந்தக் கோடுகளையே பார்க்கலாம். வயது சுமார் 30 கோடி ஆண்டு.

உலகமே உறைந்திருந்தால் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் தப்பியிருக்காது. அதே காலகட்டத்தில் அங்கே வெப்பமண்டலச் சதுப்புக்காடுகள் நிலக்கரியாகிக்கொண்டிருந்தன. பிரேசிலிலோ கீறல்கள், பனி இன்றைய அட்லாண்டிக் பக்கமிருந்து கரையேறியதாகக் காட்டுகின்றன. கடலுக்குள் பனியாறு பிறந்து நிலத்தின் மேல் ஏறாது. தென் கண்டங்களை ஒட்டிவையுங்கள், எல்லாம் தென் துருவத்தைச் சுற்றிய பனிப்போர்வையாகிவிடும். கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் அறிஞர் ஆல்ஃபிரட் வெகனர் 1912-இல் முன்வைத்த வாதத்தில் மறுக்கக் கடினமான பகுதி இதுதான்.

ஒரு பாறை தான் பிறந்த அட்சரேகையை எப்படிச் சொல்லும்?

எரிமலைக் குழம்பு குளிரும்போது அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம், 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும் அன்றைய காந்தப்புலத் திசையைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பாறையில் சுமார் 2.5 செ.மீ. விட்டத்தில் துளையிட்டு, பெயர்த்தெடுக்கும் முன்பே அதன் திசையையும் சாய்வையும் குறிக்க வேண்டும். குறிக்க மறந்தால் மாதிரி வெறும் கல். ஆய்வகத்தில் காந்தப்புலமில்லாத அடுப்பில் படிப்படியாகச் சூடேற்றினால், பின்னாளில் ஒட்டிய காந்தம் பெரும்பாலும் முதலில் கழன்றுபோகும். மிஞ்சுவதே மூலத்திசை.

காந்த முள் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்தான் காந்தச் சரிவு; அது அட்சரேகையோடு மாறும். பிறகு சூத்திரம் எளிது: காந்தச் சரிவின் டேன்ஜென்ட் = 2 × அட்சரேகையின் டேன்ஜென்ட். தக்காண எரிமலைப் பாறைகளில் சரிவு 45 டிகிரியை ஒட்டி வருகிறது. கணக்குப் போட்டால் அட்சரேகை சுமார் 27. அது கீழ்நோக்கிய சரிவு, ஆனால் பெரும்பாலான பாறைகளில் முள் தெற்கே பார்க்கிறது. புலம் தலைகீழாக இருந்த காலம் அது. ஆகவே 27 தெற்கு. இன்று அந்தப் பாறைகள் 18 வடக்கை ஒட்டி இருக்கின்றன. 45 டிகிரி என்றால் ஏறக்குறைய 5,000 கி.மீ. பாறைகளின் வயதான 6.6 கோடி ஆண்டில் அதைக் கடந்தால் சராசரி ஆண்டுக்குச் சுமார் 7.5 செ.மீ. ஆசியாவோடு மோதும் முன் இதைவிட வேகம். இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக (ஐ.ஐ.எஸ்சி.) வளாக ஜி.பி.எஸ். நிலையம் காட்டுவது 5 செ.மீ. சொச்சம், வடகிழக்காக.

ஒரே மாதிரியை நம்பினால் என்ன ஆகும்? சென்னையில் இன்றைய சரிவு சுமார் 14 டிகிரி. சூத்திரத்தில் போட்டால் சென்னை 7 டிகிரி வடக்கில் வந்து நிற்கும். உண்மையில் அது 13. புலம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அலைவதே காரணம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கொட்டிய பல அடுக்குகளிலிருந்து எடுத்துச் சராசரி போட்டால்தான் கணக்கு நிற்கும்.

வெகனர் சொன்னதும் புவித்தட்டுக் கொள்கையும் ஒன்றா?

இல்லை. வெகனரின் கண்டங்கள் கடல்தளத்தைக் கிழித்துக்கொண்டு போயின. அதற்கு அவர் காட்டிய விசைகள் (பூமியின் சுழற்சி, சூரிய சந்திர ஈர்ப்பு) துளியும் போதாதவை. தட்டுக் கொள்கையில் கண்டமும் கடல்தளமும் ஒரே தட்டில் சேர்ந்து நகர்கின்றன. கடல்தளம் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும், பழையது பூமிக்குள் அமிழ்ந்துவிடும்; அதனால் அங்கே சுமார் 20 கோடி ஆண்டுக்கு மூத்த பாறை அரிது. கண்டத்தில் 400 கோடி ஆண்டுப் பாறையே உண்டு.

அப்படியானால் லெமூரியா?

இந்தியப் பெருங்கடலில் மூழ்கியதாகச் சொல்லப்பட்ட அந்தக் கண்டத்தை 1864-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்தது, மடகாஸ்கரின் லெமூர் என்ற விலங்கினம் பரவிய விதத்தை விளக்க. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்று தெரிந்தபின் மூழ்கிய கண்டத்துக்கு வேலையில்லை. கடல்கோள் வேறு விஷயம். கடைசிப் பனியுகம் உச்சத்திலிருந்து தணிந்தபோது கடல் சுமார் 120 மீட்டர் உயர்ந்தது. பாக் நீரிணையும் குமரிமுனையைச் சுற்றிய கண்டத்திட்டும் அப்போது மூழ்கியவை. அது கரையோர நிலம், கண்டம் அல்ல.