டோபமைன் விரதம்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 26. நாள் முழுக்க போனும் கையுமாகவே இருந்தேன். அதனால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சேதியை வாங்கும் ஏற்பிகள் மழுங்கிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து ‘டோபமைன் விரதம்’ தொடங்கியிருக்கிறேன். போன் இல்லை, பாட்டு இல்லை, நண்பர்களோடு பேச்சும் இல்லை. கூடவே டோபமைன் ஏறுவதற்காகப் பூனைக்காலிப் பொடி சாப்பிடுகிறேன். ஏற்பிகள் எத்தனை நாளில் பழைய நிலைக்கு வரும்? ரத்தப் பரிசோதனையில் தெரியுமா? சில மாதங்களாகக் காலையில் எழவே மனம் வருவதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரத்தப் பரிசோதனையில் தெரியாது. போனைக் குறைத்தது நல்லது, அப்படியே இருங்கள். ஆனால் நண்பர்களோடு பேசுவதை நிறுத்தச் சொன்னது யார்?

டோபமைன் என்றாலே இன்பம் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துகிறது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக இல்லாமல் செய்து பார்த்தார்கள். எலிகள் தாமாக இரையைத் தேடிப் போகவில்லை. ஆனால் வாயில் இனிப்பை விட்டால் முன்போலவே சப்புக்கொட்டின. ருசி எங்கும் போகவில்லை. அதை நோக்கி எழுந்து போகும் உந்துதல்தான் போயிருந்தது.

இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். நடுமூளையில் டோபமைன் தரும் செல்கள் செத்துக்கொண்டே போகும் நோய் அது. மாத்திரையின் வேகம் அடங்கும் நேரத்தில் நிலைவாசலுக்கு முன்னால் வந்து அப்படியே நின்றுவிடுவார். உடம்பு முன்னால் சாயும், பாதம் வராது. வாசலுக்கு இந்தப் பக்கம் தரையில் குறுக்காக வெள்ளை டேப் ஒட்டிவைத்தோம். ‘கோட்டைத் தாண்டுங்க பெரியப்பா’ என்றால் சட்டென்று காலைத் தூக்கி வைத்துவிடுவார். அந்த மனிதருக்கு மகிழ்ச்சி இல்லாமல் போகவில்லை. பேத்தி பாடும்போது முகத்தில் ஒரு தசைகூட அசையாது, கண் மட்டும் நிறையும்.

1957-இல் அர்விட் கார்ல்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர், மூளையில் டோபமைனை வற்றவைக்கும் ரெசர்பின் மருந்தைக் கொடுத்த முயல்கள் அசையாமல் கிடந்தன. லெவோடோபா என்ற மருந்தைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. டோபமைன் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது, லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமைனாக மாறும். பெரியப்பாவை நடக்கவைத்ததும் அதுதான். அதே நோய்க்குத் தரும் இன்னொரு மருந்து பிராமிபெக்சோல். அது டோபமைன் ஏற்பிகளை நேராகத் தூண்டுவது. அதுவரை சூதாட்டப் பக்கமே போகாத சிலரைக்கூட அது சூதாட்டத்தில் தள்ளிவிட்டிருக்கிறது. வேண்டும் வேண்டும் என்ற துடிப்பு ஏறுவதைத்தான் அதில் பார்க்கிறோம். இதற்கு இன்பம் என்று பெயர் வைத்தவர்களிடம்தான் நீங்கள் பாடம் கேட்டிருக்கிறீர்கள்.

டோபமைன் ஏற்பிகள் ஐந்து வகை. அவை மூளையில் மட்டும் இல்லை. சிறுநீரகத்தில் உப்பை வெளியேற்ற உதவுகின்றன, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கிவைக்கின்றன. போனை அணைத்தால் டோபமைன் நின்றுவிடாது. நிற்கவும் கூடாது, நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

அந்தப் பொடிக்கு வருகிறேன். பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். சத்துமாவு போல ஸ்பூனில் அள்ளிச் சாப்பிடுகிற பொருளா அது? மருத்துவர்கள் லெவோடோபாவைத் தனியாகத் தருவதில்லை. மூளைக்கு வெளியிலேயே டோபமைனாக மாறிவிடாமலிருக்கக் கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள். இல்லாவிட்டால் குமட்டும், வாந்தி வரும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றவும் செய்யும். இன்றே நிறுத்துங்கள்.

எத்தனை நாளில் என்று கேட்டீர்கள். அதைவிடக் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். மாதக்கணக்கில் எழ மனம் வரவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எனக்கு எழுதிய அந்த வரியை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள், பொடி சாப்பிட்டதையும் மறைக்காதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், விரதத்துக்காகப் பேச்சை நிறுத்திய நண்பர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.