எதிர்வெயிலில் நிற்கும் பறவைக்கு பிளாஷ் அடிக்கலாமா?

காலையில் திருகோணமலை நிலாவெளிக் கடற்கரையில் படம் எடுத்தால் நீர்க்காகமும் நாரையும் கரிக்கட்டை மாதிரி வருகின்றன. பிளாஷ் வாங்கினால் சரிவருமா?

வாங்க முன் ஒன்று யோசியுங்கள். இங்கே சூரியன் கடல்பக்கம்தான் எழும்பும். காலையில் கடலைப் பார்த்து நின்றால் எதிர்வெயில்தான். அதே நேரம் களப்பின் கிழக்குக் கரைக்குப் போனால் வெயில் உங்கள் முதுகில் விழும், செலவும் இல்லை.

இல்லை, கடல்பக்கத்துப் பறவைதான் வேண்டும் என்றால் பிளாஷ் உதவும். ஆனால் அதன் வேலை நிழல்பக்கத்தைச் சற்றே தூக்கிவிடுவது மட்டும்தான். முதலில் பிளாஷ் இல்லாமல், தண்ணீரின் வெளிச்சம் சரியாக வரும்படி மெனுவலில் (அளவுகளை நீங்களே வைக்கும் முறை) அளவுகளை வையுங்கள். அப்புறம் பிளாஷை டிடிஎல்லில் (கமராவே பிளாஷின் அளவை முடிவுசெய்யும் முறை) போட்டு, அதன் அளவை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிக்கும்). குறைக்காமல் விட்டால் பறவை வெட்டி ஒட்டினதுபோல் தெரியும். தண்ணீரில் சூரியன் தெறிக்கும் வெள்ளைப் புள்ளிகளை எந்த பிளாஷும் மாற்றாது. அவை அழகுதான், விட்டுவிடுங்கள்.

கிண்ணியாப் பாலத்தடியில் கூழைக்கடா 40 மீட்டர் தள்ளி நிற்கிறது. எட்டுமா?

கணக்குப் பார்ப்போம். உங்கள் பிளாஷின் கைட் நம்பர் (அதன் வலுவைச் சொல்லும் எண்), ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 100இல் 60 மீட்டர் என்று வைப்போம். ஐஎஸ்ஓ 400இல் அது 120 ஆகும். அதை லென்ஸ் துவார அளவான எஃப் 5.6ஆல் வகுத்தால் பிளாஷ் எட்டும் தூரம் 21 மீட்டர். இரண்டு ஸ்டொப் குறைவான வெளிச்சம் போதும் என்பதால் தூரம் இரட்டிக்கும், 40 மீட்டர் எட்டிவிடும். ஆனால் இது விடிந்த கையோடு, வெளிச்சம் மெல்லியதாக இருக்கும்போது மட்டும். வெயில் ஏறியபின் பெரும்பாலான கமராக்களின் ஒத்திசைவு வேகமான (பிளாஷோடு சாதாரணமாகப் பாவிக்கக்கூடிய உச்ச ஷட்டர் வேகம்) 1/250 செக்கனில் நின்றால் துவாரத்தை எஃப் 16க்கு மூட வேண்டிவரும். அப்போது 15 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். ஹை ஸ்பீட் சிங்கில் (அந்த வேகத்தைத் தாண்டியும் பிளாஷ் அடிக்கும் முறை) போட்டால் பிளாஷின் வலு இன்னும் இறங்கும்.

(திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் போகிறவர்கள் கவனம். கடற்படை எல்லையில் கேட்காமல் கமராவைத் தூக்காதீர்கள்.)

பிளாஷுக்கு முன்னால் மாட்டும் ஃப்ரெனெல் வில்லை (ஒளியைக் குவிக்கும் தட்டையான வில்லை) நல்லதா?

தூரம் கூடும், நல்லதுதான். ஆனால் எதிர்வெயிலில் சூரியன் அந்த வில்லைக்குள் நேராக விழுந்தால் வெப்பம் குவிந்து பிளாஷின் முகப்பு உருகிவிடும். படம் எடுக்காத நேரம் கழற்றுங்கள், இல்லாவிட்டால் துணியால் மூடுங்கள்.

பறக்கும் ஆலாவுக்கு?

வேண்டாம். எதிர்வெயிலில் அதன் சிறகு ஒளி ஊடுருவி மின்னும். பிளாஷ் அதைக் கெடுக்கும். எக்ஸ்போஷரை (படத்துக்குள் விடும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டொப் கூட்டினால் போதும்.

பிளாஷ் பட்டுப் பறவையின் கண் வெள்ளையாக மின்னுகிறது, ஏன்?

வெளிச்சம் மங்கியபின் பிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருந்தால் அப்படித்தான் வரும். பிரக்கட் (பிளாஷைத் தாங்கும் சட்டம்) போட்டு பிளாஷை லென்ஸிலிருந்து உயர்த்துங்கள். இராக்கொக்குக்கும் கூட்டில் இருக்கும் பறவைக்கும் மட்டும் எப்படியும் அடிக்காதீர்கள்.