அப்பாயியின் இருபது படங்களும் ஒரு சட்டமும்

கேள்வி: அக்கா, எங்கள் அப்பாயிக்கு வருகிற மாதம் எண்பது வயது நிறைகிறது. கொழுந்து எடுத்தே எங்கள் எல்லோரையும் ஆளாக்கியவர். வீட்டில் கிடக்கும் பழைய போட்டோக்கள் இருபதையும் சேர்த்து, 12க்கு 18 அங்குலத்தில் ஒரே படமாக்கி, சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. லெப்டொப் இருக்கிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளின் 'ஃபுல் வேர்ஷனை' இரண்டாயிரம் ரூபாவுக்குப் போட்டுத் தருவதாக டவுனில் ஒரு கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? முன்பு ஒருமுறை செய்து பார்த்தபோது தமிழ் எழுத்து உடைந்து வந்தது. சில படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போயும் இருக்கின்றன. - தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, அந்த இரண்டாயிரத்தை மென்பொருளுக்குக் கொடுக்காதீர்கள். ஸ்கேனுக்கும் நல்ல தாளுக்கும் எடுத்து வையுங்கள். அப்பாயியின் முகம் தெளிவாக வருவது அந்த இரண்டையும் பொறுத்தது.

கடையில் சொல்லும் 'ஃபுல் வேர்ஷன்' பூட்டுடைத்த பிரதி. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனை அடோபி நிறுவனம் மாதச் சந்தா, வருடச் சந்தா என்றுதான் விற்கிறது. ஒரேயடியாக இரண்டாயிரத்துக்கு அசல் கிடைக்க வழியில்லை. இந்த மாதிரிப் பிரதியைப் போடும்போது முதல் வேலையாக வைரஸ் காவலை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த பிறகு கூடவே எது உள்ளே வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, போட்டுக் கொடுத்தவருக்கும் தெரியாது. அதே வேலைக்கான பழைய மென்பொருள் பேஜ்மேக்கரைத் தருகிறோம் என்றாலும் வேண்டாம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்ததே 2001இல். மைக்ரோசொப்ட் பப்ளிஷர் ஏற்கெனவே லெப்டொப்பில் இருந்தால் இந்த வேலைக்குப் போதும். ஆனால் புதிதாகப் பழகுவதற்கு அது வேண்டாம். 2026 அக்டோபரோடு அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

ஸ்க்ரைபஸ் என்று ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. முழுக்க இலவசம், சட்டப்படியே இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்து 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ இறக்கிக்கொள்ளுங்கள். பதிப்பு எண்ணைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் எழுத்து உடைந்த கதைதான். பழைய 1.4இல் 'கொழுந்து' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். 2024 ஜனவரியில் வந்த 1.6இல் தமிழ் சரியாக நிற்கிறது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், அதுவும் இலவசம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள். நம் அச்சகங்களில் இன்னும் பாமினி ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அப்பாயியின் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

இனி முக்கியமான வேலை. கண்ணாடியில் ஒட்டிய படத்தைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். எங்கள் தாத்தாவின் படம் ஒன்று அப்படித்தான் இருந்தது. மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில் வருடக்கணக்காகத் தொங்கிய படம். ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தேன். தாள் கையோடு வந்தது. அவருடைய இடது கன்னமும் காதும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. வேறு பிரதி எங்களிடம் இல்லை. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நம் ஊர் ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். மெல்லிய ஸ்கேனர்களில் கண்ணாடியின் தடிப்பால் படம் கலங்கலாம். அப்போது பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கெமராவை நேர்க்கோணத்தில் பிடித்து எடுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொன்னால் கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாது.

மற்றப் படங்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது '600 டிபிஐ' (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பத்திரம் ஸ்கேன் பண்ணுகிற மாதிரிக் குறைவாக எடுத்துத் தந்துவிடுவார்கள். இளவயது அப்பாயிக்கு அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம்தான் மிச்சம் என்றால் 1200 கேளுங்கள். 35க்கு 45 மில்லிமீற்றர் படம் அப்போது ஏறக்குறைய 1650க்கு 2120 புள்ளிகளாக வரும். கணக்குப்படி 300 டிபிஐயில் ஐந்தரை அங்குல அகலம் வரை போகலாம். நான் மூன்று அங்குலத்தோடு நிறுத்துவேன். அதற்கு மேல் பெரிதாக்கினால் முகத்தைவிடத் தாளின் சொரசொரப்புத்தான் தெரியும்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன சொந்தங்கள் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருந்தால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். இங்கே தொலைந்த படம் அங்கே ஒரு தகரப் பெட்டியில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டொகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும்.

ஒட்டும் வேலைக்கு வருவோம். ஸ்க்ரைபஸில் 12க்கு 18 அங்குலப் பக்கத்தைத் திறந்து, படச்சட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை இடுங்கள். படங்கள் அந்தக் கோப்புக்குள் போவதில்லை, இருக்கும் இடத்திலிருந்து காட்டப்படுகின்றன, அவ்வளவுதான். பென் டிரைவில் கோப்பை மட்டும் கொண்டுபோய்க் கடையில் வெறும் பெட்டிகளைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஒரு முகம் இன்னொன்றுக்குள் கரைவது போல வேண்டுமென்றால் அது ஸ்க்ரைபஸின் வேலை இல்லை. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஓரத்தை மங்கலாக்கிக் கொண்டுவர வேண்டும், அதுவும் இலவசம்தான். எனக்குக் கேட்டால் கரைக்கவே வேண்டாம், நேரான விளிம்புதான் பழைய படங்களுக்கு அழகு. அப்புறம், இருபதையும் ஒரே அளவில் அடுக்காதீர்கள். அப்பாயியின் ஒரு படம் பெரிதாக நடுவில் இருக்கட்டும், சுற்றிப் பத்துப் பன்னிரண்டு போதும். மிச்சத்தை ஒரு சிறு அல்பமாகப் போடலாம். ஓரத்தில் அரை அங்குலத்துக்குள் முகம் எதுவும் வரக்கூடாது, சட்டத்தின் விளிம்பு மறைத்துவிடும்.

அச்சுக்கு முன் கடையில் ஜேபெக் வேண்டுமா பிடிஎஃப் வேண்டுமா என்று கேளுங்கள். போட்டோ லேப் பெரும்பாலும் ஜேபெக்தான் கேட்கும். ஸ்க்ரைபஸிலிருந்து 300 டிபிஐ படமாகவே எடுத்துக் கொடுக்கலாம். பிடிஎஃப் என்றால் எழுத்துருவை உள்ளே பதித்துக் கொடுங்கள். தாள் மினுங்காத 'மெட்' ஆக இருக்கட்டும். சட்டம் போடுபவரிடம் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளில் இரண்டு இறப்பர்த் துண்டு ஒட்டி, சாரல் படாத உட்சுவரில் மாட்டினால் காற்று போய்வரும்.

கேள்வி: ஸ்டூடியோவில் செய்து வாங்கிய படத்தில் அம்மாவின் பெயர் பிழையாக இருக்கிறது. திருத்த மறுபடியும் முழுக் காசு கேட்கிறார்கள். - பண்டாரவளை வாசகர்

பதில்: நீங்கள் எழுதிக் கொடுத்த பெயர் சரியாக இருந்ததா என்று முதலில் பாருங்கள். அந்தத் துண்டு இருந்தால், பற்றுச்சீட்டோடு கொண்டுபோய்க் காட்டிப் பேசுங்கள். பிழை அவர்களுடையது என்றால் திருத்தித் தருவதுதான் நியாயம். பற்றுச்சீட்டு வாங்கவில்லை என்றால் இப்போது கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பேசியும் சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். அடுத்த முறை முற்பணம் கொடுக்கும்போதே, அச்சுக்கு முன் மாதிரியைக் காட்ட வேண்டும், கடைசிக் கோப்பையும் தர வேண்டும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.