பிற துறையினரோடு வேலை செய்ய ஒரு பொறியியல் மாணவர் எப்படித் தயாராவது?

சிங்கப்பூரில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நாளைக்குப் பல துறைக்காரர்கள், பல நாட்டுக்காரர்களோடு வேலை செய்ய இப்போதே எப்படித் தயாராவது, கூடுதல் பாடமாகத் தரவு அறிவியல் எடுக்கலாமா என்பது கேள்வி.

எடுங்கள், நல்லதுதான். ஆனால் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கதவு.

நான் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வளர்ந்தவள். பாலியில், அதாவது பாலிடெக்னிக்கில், டிப்ளோமா, அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் பட்டம். 15 ஆண்டுகளாகக் குளிர்சாதன, காற்றோட்ட வடிவமைப்பு வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் தொற்று நோயாளிகளுக்கான தனி அறைகள் எங்களிடம் வந்தன. அந்த அறைக் காற்று நடைபாதைக்கு வரக்கூடாது. அதனால் உள்ளே விடுவதைவிட அதிகக் காற்றை வெளியே இழுப்போம். மணிக்கு 12 தடவை காற்று மாற வேண்டும், அறையின் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) தாழ்ந்திருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவு. நான் பாதுகாப்புக்காக அதைவிடக் கூட்டியே வைத்தேன். சோதனையில் எல்லா அறையும் தேறியது.

ஒரு மாதத்தில் புகார் வந்தது, அறையின் அழுத்தம் மாறினால் எச்சரிக்கும் அலாரம் ஓயாமல் அடிக்கிறது என்று. போய்ப் பார்த்தால், கதவு மூடாமலிருக்கக் கையுறைப் பெட்டி ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவுக்கு மேலிருந்த பஸ்ஸரின் வாயில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி மூன்று அடுக்கு. ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது, ஒட்டிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயன்படுத்துபவர்கள் விதிமுறையை மதிக்கவில்லை என்று நீளமாக மின்னஞ்சல் அனுப்பினேன்.

மறுநாள் அந்த வார்டின் தலைமைத் தாதி அழைத்தார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழர். "கோபப்படாதம்மா. ஒரு நாள் வந்து ரெண்டு மணி நேரம் இங்க நின்னு பாரு, அப்புறம் பேசுவோம்" என்றார்.

நின்றேன். கவுன், முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபடி ஒரு தாதி வருகிறார். கதவைத் தானாக மூடவைக்கும் கருவியின் விறைப்பு ஒரு பக்கம், அழுத்த வேறுபாட்டின் இழுப்பு ஒரு பக்கம். கதவு நடைபாதைப் பக்கம் திறப்பது, முழங்கையைக் கைப்பிடியில் மாட்டி இழுத்துத்தான் திறக்க வேண்டும். மைலோ தட்டில் சிந்துகிறது. திறந்த நொடியில் அழுத்த வேறுபாடு குறைந்து அலாரம் அடிக்கிறது, ஏனென்றால் அதற்கு ஒரு விநாடிகூடத் தாமதம் வைக்காதவள் நான். இரண்டு மணி நேரத்தில் 31 தடவை. அலாரம் அடித்த நேரமெல்லாம் எங்கள் கணினிப் பதிவில் துல்லியமாக இருந்தது. தட்டு மட்டும் அதில் இல்லை. தரவு அறிவியல் பற்றிக் கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

திருத்த என் படிப்பு மட்டும் போதவில்லை. கீல் கதவு அசையும்போது விசிறி மாதிரிக் காற்றைத் தள்ளும், சறுக்குக் கதவில் அது குறைவு. சரி, சறுக்குக் கதவு போடலாம் என்றால் அது ஒதுங்கச் சுவர் வேண்டும், அங்கே கைகழுவும் தொட்டி இருக்கிறது என்றார் கட்டடக் கலைஞர். மின்சாரம் போனால் கதவு என்ன செய்யும் என்று மின்னியல்காரர் கேட்டார், தீ மணி அடித்தால் என்ன செய்யும் என்று தீப் பாதுகாப்புக்காரர் கேட்டார். அலாரத்துக்கு எத்தனை விநாடி தாமதம் தரலாம் என்பதைத் தொற்றுத் தடுப்பு மருத்துவர்தான் சொல்ல முடியும். வரைபடம் போட்டவர்கள் சென்னையில், எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். கதவு செய்தவர்கள் ஐரோப்பாவில். "இடதுகைக் கதவு" என்பதற்கு நாட்டுக்கு நாடு பொருள் மாறும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று வரைபடத்திலேயே ஒரு ஆள் உருவம் போட்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டோம். பொருத்த வந்த புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் தரையிலிருந்த வழித்தடத்தைக் காட்டி, "இதுல கட்டில் சக்கரம் மாட்டும்க்கா" என்றார். தரைத் தடத்தை எடுத்துவிட்டு மேலிருந்து தொங்கும் கதவாக மாற்றினோம்.

அந்த அண்ணனுக்குப் பட்டம் இல்லை. நம் குடும்பங்களில் இதைப் புரியவைக்கவே முடிவதில்லை. என் அண்ணன் மகன் பட்டப்படிப்பு இல்லாத தொழிற்கல்வி நிலையமான தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மின்னியல் படிக்கிறான், கெட்டிக்காரன். தீபாவளி விருந்தில் யாராவது அவன் படிப்பைக் கேட்டால் அண்ணி குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். நான் பாலிக்குப் போனபோது என் அம்மாவும் அப்படித்தான். பையன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். மனதில் கிடந்தது, எழுதிவிட்டேன்.

அடிப்படையே இல்லாமல் எல்லாத் துறையையும் மேயச் சொல்கிறாயா என்று யாராவது கேட்பார்கள். இல்லை. அந்தக் கூட்டத்தில், அழுத்த வேறுபாட்டை எவ்வளவு குறைத்தால் ஆபத்தில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் மட்டும்தான் முடிந்தது. என் பாடம் எனக்குத் தெரிந்திருக்காவிட்டால் அங்கே நான் எதற்கு? பல்கலைக்கழகங்களையும் குறை சொல்லவில்லை. சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம் 2012இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே வழக்கமான துறைப் பிரிவுகள் இல்லாமல்தான் தொடங்கியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2022இல் பொறியியலையும் வடிவமைப்பையும் ஒரே கல்லூரியாக்கியது. நல்ல மாற்றங்கள். ஆனால் வகுப்பில் உங்கள் குழுவில் இருக்கும் ஐந்து பேரும் ஒரே வயது, ஒரே தேர்வு எழுதி வந்தவர்கள். நீங்கள் செய்ததன் மேல் பிளாஸ்திரி ஒட்ட அங்கே ஆள் இல்லை.

அதனால் இறுதி ஆண்டுத் திட்டத்துக்குப் பொறியாளர் அல்லாத ஒருவர் தினமும் தொடப்போகும் பொருளாகப் பார்த்து எடுங்கள். வரையத் தொடங்குமுன் அவர் வேலை செய்யும் இடத்தில் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். நீங்கள் செய்யப்போவதை ஒரு சூத்திரம்கூட இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி அவரிடமே படிக்கக் கொடுங்கள். அவர் எங்கே நெற்றியைச் சுருக்குகிறாரோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். வேலைப் பயிற்சிக்குப் போனால், பொருத்தும் ஆட்களோடு ஒரு இரவு ஷிஃப்ட் போக அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். பாதுகாப்புக் காலணி உங்களுடையதாக இருக்கட்டும், தளத்தில் கிடைப்பது அளவு சேராது.