வாசகர் கேள்வி – பதில்: திரையில் ஓடும் எண்கள் யாருக்காக?

கேள்வி: கடலூர் சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு பெரிய வேதிப்பொருள் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் துணை மேலாளராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிர்வாகம் பெருந்தரவு (பெரும் அளவில் சேரும் தரவைச் சேமித்து அலசும்) மென்பொருளையும் சர்வர்களையும் பெரும் செலவில் வாங்கியது. பம்பு, ரியாக்டர், பாய்லர் எல்லாவற்றிலும் சென்சார் பொருத்தியாயிற்று. கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பழுது மட்டும் குறையவில்லை. குறை கருவியிலா, எங்களிடமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: திரையில் தெரியும் ஏதேனும் ஓர் எண்ணைச் சுட்டி, "இது கூடினால் யார், எந்த வேலையை, எவ்வளவு நேரத்துக்குள் மாற்றுவார்?" என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத எண்களே அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். டக் லேனி என்ற ஆய்வாளர் 2001-இல் தரவின் சிக்கல்களை அதன் அளவு, அது வந்து சேரும் வேகம், அதன் வகை என்று மூன்றாகப் பிரித்தார். பிற்பாடு பெருந்தரவு என்றாலே இந்த மூன்றையும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இம்மூன்றையும் பணம் செலவழித்துச் சமாளித்துவிடலாம். ஆனால் ஓர் எண்ணுக்கு நிறுவனம் முழுவதும் ஒரே பொருள் இருப்பதும், அதைப் பார்த்து வேலையை மாற்றும் அதிகாரம் ஒருவரிடம் இருப்பதும் கடையில் கிடைப்பவை அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் பம்புப் பழுதுகளின் பட்டியலைப் பார்க்க நேர்ந்தது. ஒரே பழுதுக்கு மூன்று நேரங்கள் பதிவாகியிருந்தன. பராமரிப்புப் பிரிவு பம்பு நின்ற நேரத்தையும், உற்பத்திப் பிரிவு பேட்ச் (ஒரே தடவையில் தயாராகும் சரக்கு) தாமதமான நேரத்தையும், கிடங்குப் பிரிவு உதிரிபாகம் கேட்டு வந்த நேரத்தையும் "பழுது நேரம்" என்றே எழுதியிருந்தன. மூன்றும் அவரவர் அளவில் சரியானவை. சேர்த்துக் கணக்கிட்டால் எந்த மென்பொருளும் தவறான விடையைத்தான் தரும். நாசாவின் செவ்வாய்ச் சுற்றுக்கலம் 1999-இல் அழிந்ததற்கும் இதைப் போன்றதொரு குழப்பமே காரணம்: உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு பவுண்டு அலகில் கொடுத்தது, மறு தரப்பு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. ஆகவே ஒவ்வொரு முக்கியத் தரவுக்கும் அதன் பொருளை வரையறுத்து, மாறினால் அறிவித்து, தவறினால் திருத்தும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவர் கணினிப் பிரிவைச் சேர்ந்தவராக இருப்பதைவிட, அந்தத் தரவு பிறக்கும் பிரிவைச் சேர்ந்தவராக இருப்பதே நல்லது. உங்கள் ஊரின் உப்புக் காற்றில் சென்சார் இணைப்புகள் அரித்து, அளவு மெல்ல மெல்ல விலகிப்போவதை, ஆலைக்குள் நடமாடுபவர்தான் முதலில் கவனிப்பார்.

அடுத்தபடியாக, ஆலை முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்ற முயலாதீர்கள். அடிக்கடி நிற்கும் ஒரு பம்பு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பழுதுக்கு முன்பே எந்த நாளில் நிறுத்திப் பிரித்துப் பழுதுபார்ப்பது என்ற ஒரே முடிவுக்குத் தரவைப் பயன்படுத்துங்கள். அதற்கு ஷிப்ட் பதிவேட்டையும் உடன் எடுத்து வையுங்கள். "இரவு இரண்டு மணிக்குச் சத்தம் மாறியது, கை வைத்தால் அதிர்வு தெரிகிறது" என்று ஓர் ஆபரேட்டர் பேனாவால் எழுதிய வரி, சென்சாரின் வரைபடத்தில் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று காட்டிவிடும். இவ்வளவு செய்த பிறகும், "பேட்ச் முடியட்டும், பிறகு நிறுத்தலாம்" என்று உற்பத்தி மேலாளர் ஒரு சொல்லில் மறுத்துவிட முடியுமானால் பயனில்லை. எந்த அளவைத் தாண்டினால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை ஆலைத் தலைவர் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். நான் பார்த்தவரை முயற்சிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் ஆலை வைத்திருக்கும் குழுமம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தரவு விஞ்ஞானிகளை பெங்களூரிலிருந்து எடுப்பதா, இருப்பவர்களுக்கே பயிற்சி தருவதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இரு வகையினரும் தேவை, ஆயினும் நான் பயிற்சிக்கே முதலிடம் தருவேன். நெட்ஃபிளிக்ஸ் 2006-இல், எந்தப் படம் யாருக்குப் பிடிக்கும் என்று சொல்லும் தன் பரிந்துரைக் கணிப்பைப் பத்து விழுக்காடு மேம்படுத்துவோருக்குப் பத்து லட்சம் டாலர் என்று போட்டி அறிவித்து, 2009-இல் பரிசையும் கொடுத்தது. ஆனால் வென்ற முழுத் தீர்வு நடைமுறைக்கு வரவில்லை; கிடைத்த கூடுதல் துல்லியம் அதை அன்றாட அமைப்பில் பொருத்தும் உழைப்புக்கு ஈடாகவில்லை என்று அந்நிறுவனமே கூறியது. திறமையாளர் தனி அறையில் உட்கார்ந்து தரும் விடை எவ்வளவு சிறந்ததாயினும், அதை ஏந்திக்கொள்ள மறுபக்கத்தில் ஆள் வேண்டும். பத்தாண்டு அனுபவமுள்ள தரக்கட்டுப்பாட்டு ஊழியர் நான்கைந்து பேரைத் தேர்ந்து, சேமித்த தரவிலிருந்து வேண்டியதை எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். என்ற கணினி மொழியும் அடிப்படைப் புள்ளியியலும் கற்றுக்கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வழக்கமான வேலையிலிருந்து அவர்களை விடுவியுங்கள். வெளியிலிருந்து வரும் ஓரிருவர் அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்யட்டும்.

கேள்வி: எங்கள் வருகைப் பதிவு, கேமரா, நடமாட்டம் எல்லாமே இப்போது தரவாகச் சேமிக்கப்படுகின்றன. நிறுவனம் எங்களிடம் ஒப்புதல் கேட்க வேண்டாமா?
– தொழிலாளர், கடலூர்

பதில்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில நோக்கங்களுக்கு ஒப்புதலின்றியே தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. அதே சட்டம், தகுந்த பாதுகாப்பின்றித் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி செய்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும், எதைச் சேமிக்கிறார்கள், எதற்காக, எவ்வளவு காலம் என்பதை அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி வைக்கும்படி உங்கள் சங்கத்தின் மூலம் கேளுங்கள். தன்னைக் கண்காணிக்கத்தான் இந்தக் கருவி என்று ஆபரேட்டர் அஞ்சினால், மேலே சொன்ன "சத்தம் மாறியது" என்ற வரியைப் பதிவேட்டில் எழுத மாட்டார். அந்த இழப்பை உங்கள் நிர்வாகத்துக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.