வாக்குப் போடுபவர்களை மட்டும் கேட்டால் போதாது

வணக்கம். மூன்று பேராக நடத்தும் மென்பொருளில், அடுத்து எந்த வசதி வேண்டும் என்று பயனர்கள் வாக்குப் போட ஒரு பட்டியல் வைத்தீர்கள், முதலிடம் பிடித்த டார்க் மோடை, அதாவது இருண்ட பின்னணித் திரையை, செய்தும் கொடுத்தீர்கள், ஆனாலும் மாதாமாதம் சந்தாதாரர்கள் விலகுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

வாக்குப் போடுகிறவர்கள் ஏற்கெனவே தங்கிவிட்டவர்கள். போகிறவர் சொல்லாமலேதான் போவார். அதனால் சந்தாவை ரத்து செய்யும் திரையில் ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: "என்ன செய்ய வந்தீர்கள், எது நடக்கவில்லை?" பதிலுக்குக் காலிப் பெட்டி போதும். தேர்வுகள் கொடுத்தால் பலர் 'விலை அதிகம்' என்பதைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், உண்மைக் காரணம் கிடைக்காது.

அடுத்து, புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரிடம் திரையைப் பகிரச் சொல்லி, அவர்கள் வேலை செய்வதைப் பேசாமல் பாருங்கள். ஐந்து என்பது பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதிய கணக்கு: ஒரே வகைப் பயனர்கள் ஐவரிடம் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85% தெரிந்துவிடும் என்றார். எல்லா மென்பொருளுக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் சிறிய குழு தொடங்குவதற்கு நல்ல எண். நடுவில் உதவி செய்யக் கை பரபரக்கும், தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவர் தயங்கி நிற்கும் அந்தச் சில வினாடிகளுக்காகத்தான் இவ்வளவும்.

பட்டியலை எடுத்துவிட வேண்டாம். அங்கே ஒரு வசதியைக் கேட்டவருக்கு, அது வந்த அன்றே தனியாக ஒரு வரி எழுதுங்கள். செய்யப்போவதில்லை என்றால் அதையும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.